‘நீந்தக் கூடாது’ என்ற பலகை சொல்லாமல் விடுவது

விடுமுறைக் காலம் நெருங்கும்போது நம்மில் பலர் ஏரிக்கரை விடுதிகளையும் அணைக்கட்டுப் பூங்காக்களையும் நாடிச் செல்கிறோம். பயணச்சீட்டு, அறை முன்பதிவு, செலவுத் திட்டம் ஆகியவற்றில் நாம் காட்டும் அக்கறை, நீரோரத்தில் நடப்பட்டிருக்கும் அறிவிப்புப் பலகையைக் காணும்போது பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. ‘நீந்தக் கூடாது’ என்று படித்ததும், ‘நாம் நீந்தப் போவதில்லையே, காலை மட்டும் நனைத்துக்கொள்வோம்’ என்று எண்ணிப் படியிறங்குகிறோம். இந்த எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை ஒரு துயர நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

பலகையை எவரும் மீறவில்லை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பொழுதுபோக்கு மையத்தில், ‘செவன் சீஸ் லகூன்’ என்னும் செயற்கை ஏரி அமைந்துள்ளது. அதன் கரையில் பெரிய விடுதி ஒன்றும், விருந்தினர் அமர்வதற்கென வெண்மணல் பரப்பும் உண்டு. 2016 ஜூன் 14 அன்று இரவு, திறந்தவெளித் திரைப்படக் காட்சிக்காகக் குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன. கரையோரத்தில், சில அங்குல ஆழமே இருந்த நீரில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை, அல்லிகேட்டர் இன முதலை ஒன்று கவ்வி இழுத்துச் சென்றது. தந்தை நீரில் பாய்ந்து போராடியும் மீட்க இயலவில்லை. மறுநாள் குழந்தையின் உடல்தான் கிடைத்தது.

அந்தக் கரையில் பலகை இல்லாமல் இல்லை. ‘நீந்தக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் முதலை என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. குழந்தை நீந்தவும் இல்லை. ஆகவே பலகை விதித்த தடையை அந்தக் குடும்பம் மீறவில்லை. தடைக்கான காரணம்தான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. காரணம் கூறாத தடையைப் படிப்பவர், தமக்குத் தோன்றும் காரணத்தைத் தாமே கற்பித்துக்கொள்கிறார். நீர் ஆழமாக இருக்கலாம், அல்லது தூய்மையற்றதாக இருக்கலாம் என்று நினைக்கிறார். அவ்விரண்டு காரணங்களின்படியும், கணுக்கால் அளவு நீர் அவருக்குப் பாதுகாப்பாகவே தோன்றும்.

நிகழ்வுக்குப் பின் சில நாள்களிலேயே அங்குப் புதிய பலகைகள் வைக்கப்பட்டன. முதலைகளும் பாம்புகளும் உள்ள பகுதி இது, நீரை விட்டு விலகியிருங்கள், விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள் என்ற செய்திகள் படங்களுடன் அவற்றில் இடம்பெற்றன. கயிற்று வேலியும் பின்னர்க் கற்களாலான தடுப்பும் அமைக்கப்பட்டன. ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 13 லட்சம் அல்லிகேட்டர்கள் வாழ்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் அளவிலான தாக்குதல்களோ ஆண்டுக்குச் சராசரியாக எட்டு மட்டுமே. அபாயம் அரிதானதே, ஆயினும் அறியாதவரிடம் அது இரக்கம் காட்டுவதில்லை.

ஆழத்தினும் ஓரமே அஞ்சத்தக்கது

முதலைக்கு நீரே வலிமை என்பதை வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாகக் கையாண்டுள்ளார். அந்த வலிமை நீரின் நடுப்பகுதியில் மட்டும் வெளிப்படுவதன்று. நீர் அருந்த வரும் விலங்குகளைக் கரையோரத்தில் பதுங்கியிருந்து பிடிப்பதே முதலையின் இயல்பான வேட்டை முறை. அதன் கண், காது, மூக்குத்துளை ஆகிய மூன்றும் தலையின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டே சுற்றுப்புறத்தைக் கவனிக்க அதனால் முடியும். அசையாமல் இருக்கும்போது ஒரு மணி நேரத்திற்கும் மேலாகவும் அது மூழ்கியிருக்கக்கூடும். நீரில் எழும் சிற்றலையைக் கூட உணரும் நுண்புள்ளிகள் அதன் தாடைத் தோலில் உள்ளன. எனவே, ‘கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை’ என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

செயற்கையாக வெட்டப்பட்ட ஏரி என்பதும் சான்றாகாது. வாய்க்கால் வழியாகவும், நிலத்தின் மேல் நடந்தும் முதலைகள் ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். நீரைவிட்டு விலகினால் போதும் என்பதும் எல்லா இடங்களிலும் பொருந்தாது. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரை விடுதிகளில், நீர்யானைகள் இரவில் கரையேறிப் புல்வெளியில் மேய்கின்றன. இருட்டிய பின் அங்கே விருந்தினரைக் காவலர் துணையுடனேயே அறைக்கு அழைத்துச் செல்வது வழக்கம்.

நம் நாட்டு நீர்நிலைகள்

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் என மூவகை முதலைகள் இந்தியாவில் வாழ்கின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குக் காப்பளிக்கிறது. 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தால், அழிவின் விளிம்பிலிருந்த அவ்வினங்கள் மீண்டும் பெருகின.

குஜராத்தின் சர்தார் சரோவர் அணைப் பகுதியில், ஒற்றுமைச் சிலைக்கு அருகே கடல்விமானச் சேவை திட்டமிடப்பட்டபோது, 2019இல் அங்கிருந்த முதலைகள் பிடிக்கப்பட்டு வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. அதே மாநிலத்தின் வடோதரா நகருக்குள் ஓடும் விசுவாமித்திரி ஆற்றில் முதலைகள் நெடுங்காலமாக வாழ்கின்றன. 2024 ஆகஸ்டு வெள்ளத்தின்போது அவை குடியிருப்புகளுக்குள்ளும் புகுந்தன. அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இன்றைய சுவராஜ் தீவில், 2010இல் கடலில் இறங்கிய அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் உவர்நீர் முதலைக்கு இரையானார். தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள அமராவதி அணையின் நீர்த்தேக்கமும் சதுப்புநில முதலைகளின் வாழிடமே.

பலகையைப் படிக்கும் முறை

மொழி தெரியாத ஊரிலும் பலகையின் வடிவமும் நிறமும் நமக்கு வழிகாட்டும். பன்னாட்டு முறைப்படி, குறுக்குக்கோடு இட்ட சிவப்பு வட்டம் தடையைக் குறிக்கும். கறுப்பு விளிம்புடைய மஞ்சள் முக்கோணம் அபாயத்தைக் குறிக்கும். நீல வட்டம், லைஃப் ஜாக்கெட் அணிதல் போன்று கட்டாயம் செய்ய வேண்டியதைக் குறிக்கும். சிவப்பு வட்டம் மட்டும் இருந்து மஞ்சள் முக்கோணம் இல்லையெனில், ‘ஏன் இந்தத் தடை?’ என்ற வினாவை விடுதிப் பணியாளரிடம் நாம் தவறாமல் எழுப்ப வேண்டும். காரணம் தெரியும்வரை, தடை நீரின் ஓரத்துக்கும் பொருந்தும் என்றே கொள்ள வேண்டும்.

பலகையே இல்லாத இடத்தை அபாயமற்ற இடமென்று கருதுவதும் தவறு. மழைக்காலத்தில் நீர் பெருகும்போது முதலைகள் இடம் பெயர்கின்றன. பலகைகள் அவற்றுடன் பெயர்வதில்லை. முதலைகள் மிகுந்த வட ஆஸ்திரேலியாவில், பலகை இல்லாவிடினும் முதலை இருக்கக்கூடும் என்றே அரசு மக்களுக்கு அறிவுறுத்துகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

அறையை முன்பதிவு செய்யும்போதே, அருகிலுள்ள நீர்நிலையில் முதலை முதலிய விலங்குகள் உண்டா, கரையில் வேலி உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

முதலை வாழும் நீர்நிலையின் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகியிருக்க வேண்டும். குளிப்பதையும் துணி அலசுவதையும் பாத்திரம் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். மாலை மங்கியது முதல் பொழுது விடியும்வரை கரைக்குச் செல்லவே கூடாது; அந்நேரத்தில்தான் முதலைகள் மிகுதியாக இரை தேடுகின்றன.

சிறுவர்களைக் கைப்பிடியிலேயே வைத்திருக்க வேண்டும். சிறிய உருவங்களே முதலைக்கு எளிய இரை. வளர்ப்பு நாய்களுக்கும் இது பொருந்தும்.

விலங்குகளுக்கு உணவு வீசக் கூடாது. மீன் கழிவையும் எஞ்சிய உணவையும் கரையில் கொட்டக் கூடாது. உணவு பெற்றுப் பழகிய முதலை மனிதரைக் கண்டு அஞ்சுவதை மறந்து, அவரை நாடி வரத் தொடங்கும். ஃபுளோரிடாவில் முதலைக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றமாகும்.

படகில் செல்லும்போது கையையோ காலையோ நீரில் தொங்கவிடக் கூடாது. கரையில் வெயில் காயும் முதலையுடன் செல்ஃபி எடுக்க நெருங்குவதும், கூடு காக்கும் காலத்தில் பெண் முதலையை அணுகுவதும் பேராபத்து.

எவரேனும் தாக்கப்பட்டால், மற்றவர்கள் நீரில் குதிக்காமல் கயிறு அல்லது கழியை நீட்டி உதவ வேண்டும். பிடிபட்டவர் முதலையின் கண்களைக் குறிவைத்துத் தாக்கலாம். காயத்தைத் துணியால் அழுத்திக் குருதிப்போக்கைத் தடுத்து, 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். சிறு கடியாயினும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். முதலையின் வாயிலுள்ள நுண்ணுயிரிகளால் காயம் விரைவில் சீழ்ப்பிடிக்கும்.

அபாயம் உள்ள கரையைக் கண்டும் அங்கே தெளிவான பலகை இல்லையெனில், விடுதி நிர்வாகத்திடமோ வனத்துறையிடமோ தெரிவிப்பது நம் கடமை. நாம் கேட்கும் ஒரு கேள்வியும் எழுதும் ஒரு கடிதமும், அடுத்து அங்கே வரும் குடும்பத்திற்குப் படத்துடன் கூடிய பலகையாக அமையக்கூடும். நீர்நிலையின் அழகைச் சற்றே விலகி நின்று கண்டு மகிழ்ந்து, சென்றவர் அனைவரும் நலமாக இல்லம் திரும்புவதே இனிய பயணம்.