கோழிக்குப் பூச்சி மருந்து: முதலில் நிறை, பிறகு மருந்து

“பாதர், பூச்சி மருந்து குடுத்தாக் கோழி செத்துப்போகும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?”

தோப்பூரில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பக்கத்து வளவில் ஆட்டுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைக் கண்மட்டாகக் கோழிகளுக்கும் பருக்கியிருக்கிறார்கள். மறுநாள் மூன்று செத்துக் கிடந்தன. அளவு மிஞ்சியதா, ஒரேயடியாகச் செத்த புழுக்கள் குடலை அடைத்துவிட்டனவா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. இரண்டும் நடக்கக்கூடியவையே.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகள்தான் எமது தாய்மார் பலரின் கைக்காசு. ஆயினும் பயந்து சும்மா இருப்பதும் நட்டமே. கோழிக் குடலில் வாழும் பெரிய வட்டப்புழு விரல் நீளத்துக்கு வளரும். அதன் முட்டை எச்சத்துடன் மண்ணில் விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் தொற்றும் நிலையை அடையும். அதைக் கொத்தித் தின்ற கோழியின் வயிற்றில் ஐந்து முதல் எட்டுக் கிழமைகளில் மீண்டும் புழு முட்டையிடத் தொடங்கும். கோழி மெலியும், முட்டை குறையும், குஞ்சு வளராது.

ஆனால் மெலிந்த கோழியெல்லாம் புழுக்கோழி அல்ல. புதிய எச்சத்தைச் சிறிது எடுத்துக்கொண்டு பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். எந்தப் புழு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்பதும் தெரியும். பிப்பெரசின் வட்டப்புழுவுக்கு உதவும், நாடாப்புழுவை அசைக்காது.

அடுத்தது நிறை. மருந்தின் அளவு கோழியின் நிறையைப் பொறுத்தது. கடைக்காரரிடம் தூக்குத் தராசை இரவல் வாங்கி, கோழியைத் துணிப்பையில் இட்டு நிறுத்தோம். ஒன்றரைக் கிலோ என்று அந்தத் தாய் எண்ணியிருந்த பேடு ஒரு கிலோகூட இல்லை! கண்மட்டம் இப்படித்தான் ஏமாற்றும். நிறைகளைத் துண்டில் எழுதிக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டு எழுதிக்கொண்டோம்.

வளவெங்கும் திரியும் கோழிக்குத் தண்ணீரில் கலந்து வைத்தால் வலியது நிறையக் குடிக்கும், நோஞ்சான் குடிக்காது. ஆகவே இரவில் கூட்டில் அடைந்தபின் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஊசி கழற்றிய சிறிஞ்சினால் சொண்டின் ஓரத்தில் துளித்துளியாக விடுங்கள். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. அவசரப்பட்டு ஊற்றினால் மருந்து அதற்குள் போய்விடும். ஏற்கெனவே தூங்கி விழும் கோழிக்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவேண்டாம். மிகவும் மெலிந்து புழு மலிந்ததென்று தோன்றும் கோழியைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டு மூன்று நாட்கள் கூட்டிலேயே வைத்து, எச்சத்தைக் கூட்டியள்ளி ஆழப் புதையுங்கள். இல்லாவிடின் வெளியேறிய புழு முட்டைகள் மீண்டும் முற்றத்துக்கே வரும். மாரி மழையில் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெயிலும் காய்ந்த மண்ணுமே அவற்றுக்கு எதிரி. ஆகவே கூட்டு மண்ணைக் கோடையில் கிளறி வெயில் படவிடுங்கள்.

வைத்தியர் குறித்த நாட்கள் வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது. “அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு முட்டை இல்லையே, பாதர்” என்றார் அந்தத் தாய். இல்லைத்தான். அந்த நாட்களுக்குப் பயறு அவிக்கச் சொன்னேன்.