டிவிடி நிகழ்படக் கோப்பு மாற்றம்

டிவிடி நிகழ்படக் கோப்பு மாற்றம் என்பது கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள நிகழ்படக் கோப்பு ஒன்றைத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் டிவிடி பிளேயரில் ஓடக்கூடிய வடிவத்திற்கு மாற்றி வட்டில் எழுதும் பணி ஆகும். திருமணப் பதிவுகள், பழைய நாடாக்களில் இருந்து எடுக்கப்பட்ட குடும்பப் பதிவுகள் முதலியன இவ்வாறு வட்டில் ஏற்றப்படுகின்றன. கணினியில் குறையின்றி ஓடிய கோப்பு வட்டில் எழுதிய பின் ஓடாமல் போவதும், ஒலி விலகுவதும், முகங்கள் நீண்டு தெரிவதும் உண்டு. பலரும் முதலில் வட்டையோ டிவிடி ரைட்டரையோ ஐயுறுவர். ஆனால் இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம், மூலக் கோப்பின் அளவைகள் டிவிடி சீர்தரத்துடன் பொருந்தாமையே ஆகும்.

சீர்தரம்

முதல் டிவிடி பிளேயர்கள் 1996 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. கணினி மென்பொருள் பலவகைக் கோப்புகளையும் ஏற்கும். டிவிடி பிளேயரோ அக்காலத்தில் வரையறுக்கப்பட்ட சிலவற்றை மட்டுமே உறுதியாக ஏற்கும். படம் எம்பெக்-2 (அல்லது எம்பெக்-1) குறியாக்கத்தில் இருத்தல் வேண்டும். இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய ‘பால்’ தொலைக்காட்சி முறையில் முழு அளவுப் படம் 720×576 படவணுக்களும் நொடிக்கு 25 படச்சட்டங்களும் கொண்டது. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் இவை 720×480, 29.97 ஆகும். ஒலியின் மாதிரிவீதம் பொதுவாக 48 கிலோஹெர்ட்சு ஆகும். இசைக் குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்சு இங்கு செல்லாது.

வட்டு ஏற்கப்படாமை

ஏவிஐ அல்லது எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் படியெடுத்தால் கிடைப்பது தரவு வட்டு மட்டுமே. டிவிடி நிகழ்பட வட்டில் ‘வீடியோ_டிஎஸ்’ என்னும் கோப்புறையும், அதனுள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகளும் இருத்தல் வேண்டும். கோப்பின் பின்னொட்டை விஓபி என மாற்றிப் பெயரிடுவதால் பயனில்லை. எழுதி முடித்த வட்டை நிறைவு செய்யாமல் விடுவதும் மற்றொரு காரணம் ஆகும்.

ஒலி விலகல்

இதுவே மிகுந்த தொல்லை தருவது. படத்தின் தொடக்கத்தையும் இறுதியையும் பார்த்து இதன் வகையை அறியலாம். இரண்டு இடத்திலும் விலகல் ஒரே அளவாயின், ஒலித்தடத்தை அந்த அளவுக்கு முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். விலகல் வளர்ந்துகொண்டே சென்றால் வீதங்கள் பொருந்தவில்லை என்று பொருள். 29.97 சட்ட வீதத்தை 30 எனக் கொண்டால் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் ஒரு மணிநேர முடிவில் அது 3.6 நொடி ஆகிவிடும். நொடிக்கு 24 சட்டங்கள் கொண்ட திரைப்படத்தை 25 இல் ஓட்டினால் 60 நிமிடப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒலியையும் அதே விகிதத்தில் விரைவுபடுத்தாவிட்டால் இறுதியில் 2 நிமிடம் 24 நொடி ஒலி எஞ்சி நிற்கும்.

கைப்பேசிப் பதிவுகளில் சட்ட வீதம் இடையிடையே மாறுவதால் விலகல் ஒழுங்கின்றி அமையும். அவற்றை முதலில் மாறா வீதத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். மாறும் பிட்வீத எம்பி3 ஒலி கொண்ட ஏவிஐ கோப்புகளில், ஒலியைத் தனியே 48 கிலோஹெர்ட்சு வேவ் கோப்பாகப் பிரித்தெடுத்து, பின்னர் படத்துடன் சேர்ப்பது நம்பகமான வழியாகும்.

படச் சிதைவு

டிவிடியின் படவணுக்கள் சதுரமானவை அல்ல. படம் 4:3 விகிதத்தில் காட்டப்பட வேண்டுமா 16:9 விகிதத்திலா என்பது தனிக் குறிப்பாகப் பதியப்படுகிறது. அகலப்படத்திற்கு 4:3 எனக் குறித்தால் முகங்கள் ஒடுங்கி நீண்டு தெரியும். குறிப்பு மட்டுமே பிழையாயின் அதைத் திருத்தினால் போதும். மீண்டும் குறியாக்கம் தேவையில்லை.

அசையும் பொருட்கள் மட்டும் தொலைக்காட்சியில் முன்னும் பின்னுமாக நடுங்கினால் புலவரிசை பிழையாக உள்ளது எனலாம். பின்னல் முறையில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு புலங்களாக உள்ளது. டிவி நாடாப் பதிவில் கீழ்ப்புலம் முதலில் வரும். பல மென்பொருட்கள் மேற்புலமே முதல் எனக் கருதிக்கொள்கின்றன. கணினித் திரையில் இக்குறை பெரும்பாலும் தெரியாது. எனவே மறுபடி எழுதத்தக்க வட்டில் சில நிமிடங்களை எழுதித் தொலைக்காட்சியிலேயே சோதிப்பது நன்று.

அளவும் பிட்வீதமும்

ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. கணினி இதனை ஏறத்தாழ 4.38 எனக் காட்டக்கூடும். இது 1024 அடிப்படையிலான கணக்கு. இரண்டு மணிநேரப் படத்திற்குப் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட்டு கிடைக்கும். சீர்தரம் படத்திற்கு 9.8 மெகாபிட்டு வரை இடமளித்தாலும், எழுதப்பட்ட வட்டுகள் சில பிளேயர்களில் அவ்வளவு உயரத்தில் திணறுவதால் 8 ஐத் தாண்டாமல் இருப்பது நலம்.

டிவி நாடாவின் பட வீதம் நொடிக்கு 25 மெகாபிட்டு. ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட்டு ஆகும். எம்பெக்-2 ஆகச் சுருக்கும்போது இழக்கப்படும் தகவலை வட்டில் இருந்து மீட்க இயலாது. நாடா பழுதடையக்கூடியது என்பதால், வட்டு எழுதியபின் அந்த 13 கிகாபைட்டு மூலக் கோப்பை அழிப்பது தகாது.

மென்பொருட்கள்

எஃப்எஃப்எம்பெக் என்னும் திறமூல மென்பொருளில் ‘பால்-டிவிடி’ என்ற இலக்கைத் தெரிவு செய்தால் மேற்கூறிய அளவைகளில் பெரும்பாலானவை தாமாகவே அமையும். மூலத்தின் புலவரிசையையும் பட விகிதத்தையும் பயனரே சரிபார்த்தல் வேண்டும். வட்டின் கோப்புறை அமைப்பை உருவாக்க டிவிடிஆதர், டிவிடிஸ்டைலர் ஆகியவை பயன்படுகின்றன.