ஹாலிவுட் கல்லாப்பெட்டி – 9: 30 கோடி டாலர் பழக்கம்

டிஸ்னி நிறுவனம் தொடங்கப்பட்டது 1923 அக்டோபர் 16 அன்று. நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, 2023 நவம்பரில் ‘விஷ்’ என்ற அனிமேஷன் படம் வெளியானது. நட்சத்திரத்திடம் வேண்டிக்கொள்ளும் ஒரு பெண், பேசும் ஆட்டுக்குட்டி, பழைய டிஸ்னி படங்களை ஞாபகப்படுத்தும் காட்சிகள் என்று விழாவுக்காகவே அளவெடுத்துத் தைத்த படம் அது. செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் 25.5 கோடி டாலர்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து கோடி லாபம் போலத் தோன்றும். சினிமாக் கணக்கு அப்படிப் போவதில்லை. டிக்கெட் பணத்தில் அமெரிக்காவில் சுமார் பாதிதான் ஸ்டூடியோவுக்கு வரும், மீதி தியேட்டர்காரருக்கு. வெளிநாடுகளில் பங்கு இன்னும் குறைவு, சீனாவில் கால்வாசிதான். விளம்பரச் செலவோ பட்ஜெட்டில் சேராத தனிக் கணக்கு, பெரிய படம் என்றால் அதுவே 10 கோடி டாலரைத் தொடும். ஆகவே பட்ஜெட்டைப்போல் இரண்டரை மடங்கு வசூலானால்தான் போட்ட காசு தேறும் என்பது ஹாலிவுட்டில் புழங்கும் கைக்கணக்கு. அந்தக் கணக்கில் ‘விஷ்’ 50 கோடி டாலர் வசூலித்திருக்க வேண்டும்.

கையைக் கடித்தது இந்த ஒரு படம் மட்டுமல்ல. அதே 2023இல் ‘ஆன்ட் மேன்’ மூன்றாம் பாகம் 47.6 கோடி டாலரோடு நின்றது. ‘ஹான்டட் மேன்ஷன்’ 12 கோடியைக்கூட எட்டவில்லை. ‘இண்டியானா ஜோன்ஸ்’ ஐந்தாம் பாகம் 38.4 கோடி. ‘தி மார்வெல்ஸ்’ 20.6 கோடி, மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல். ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ மூன்றாம் பாகம் மட்டும் தெம்பாக ஓடியது. 2016 முதல் ஆண்டுதோறும் உலக வசூலில் முதலிடத்தில் இருந்த டிஸ்னியை அந்த ஆண்டு யுனிவர்சல் முந்தியது.

இந்தச் சறுக்கலின் மூலத்தைத் தேடினால் 2019இல் போய் நிற்க வேண்டியிருக்கும். அது தோல்வி ஆண்டல்ல. டிஸ்னியின் சரித்திரத்திலேயே ஆகப் பெரிய வெற்றி ஆண்டு. ‘கேப்டன் மார்வெல்’, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’, ‘அலாதீன்’, ‘டாய் ஸ்டோரி 4’, ‘தி லயன் கிங்’, ‘ஃப்ரோஸன் 2’, ‘ஸ்டார் வார்ஸ்’ ஒன்பதாம் பாகம் என ஏழு படங்கள் அந்த ஓராண்டில் 100 கோடி டாலரைத் தாண்டின. ‘எண்ட்கேம்’ மட்டும் ஏறக்குறைய 280 கோடி. தமிழ்நாட்டில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுக்க, ஏ.ஆர்.முருகதாஸ் தமிழ் வசனம் எழுதிய படம் அதுதான். மொழிமாற்றுப் படம் என்ற ஓரத்திலிருந்து ஹாலிவுட் படம் நடு முற்றத்துக்கு வந்த நேரம்.

ஆனால் அந்த வசூல் ஓராண்டு உழைப்பின் பலன் அல்ல. 2006இல் பிக்சாரை 740 கோடி டாலருக்கும், 2009இல் மார்வெலை ஏறக்குறைய 400 கோடிக்கும், 2012இல் லூகாஸ்பிலிமை 405 கோடிக்கும் வாங்கியவர் அப்போதைய நிறுவனத் தலைவர் பாப் ஐகர். ‘எண்ட்கேம்’ 11 ஆண்டுகளில் வந்த 22 படங்களின் முடிவுரை. ‘லயன் கிங்’கும் ‘அலாதீ’னும் தொண்ணூறுகளின் குழந்தைகள் பெற்றோராகித் தம் பிள்ளைகளோடு பார்க்க வந்த படங்கள். ‘ஃப்ரோஸன்’ இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்கள் ஆறு ஆண்டு காத்திருந்தார்கள். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே ஆண்டில் கைக்கு வந்தது. ஸ்டூடியோ அதை இயல்பு வருமானமாக எடுத்துக்கொண்டு, இனி வரும் படங்களுக்கு அந்த அளவிலேயே செலவைத் திட்டமிட்டது. அமோகமாக விளைந்த ஒரு போகத்தைக் காட்டி எல்லா வருஷத்துக்கும் குத்தகை பேசியதுபோல் ஆயிற்று.

அதே 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸோடு மோதுவதற்கான ஓடிடி. தொடக்கத்தில் மாதக் கட்டணம் 6.99 டாலர். நான்கு மாதத்தில் கொரோனா வந்து தியேட்டர்களைப் பூட்டியது. புதிதாகத் தலைமைக்கு வந்திருந்த பாப் சேப்பக், வீட்டுத் திரைக்கே முதல் மரியாதை என்று முடிவெடுத்தார். பிக்சாரின் ‘சோல்’, ‘லூகா’, ‘டர்னிங் ரெட்’ மூன்றும் அமெரிக்காவில் தியேட்டருக்கே போகாமல் சந்தாதாரர்களின் வீட்டில் இறங்கின. ‘சோல்’ வந்தபோது வேறு வழியில்லை என்று சொல்லலாம். ‘டர்னிங் ரெட்’ வந்த 2022 மார்ச்சில் தியேட்டர்கள் திறந்திருந்தன; ‘ஸ்பைடர்மேன்’ படம் கூட்டத்தை வரவழைத்துக் காட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது.

இதில் ‘என்கான்டோ’ படத்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 2021 நவம்பர் 24 அன்று தியேட்டருக்கு வந்தது. முப்பதே நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், டிஸ்னி பிளஸ்ஸில் கூடுதல் கட்டணமின்றி வந்துவிட்டது. தியேட்டர் வசூல் 25.6 கோடி டாலர்; சுமாருக்கும் கீழே. வீட்டுக்கு வந்தபிறகுதான் படம் பிய்த்துக்கொண்டு போனது. புரூனோ என்ற மாமனைப் பற்றிய பாடல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தது. குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் பெற்றோர் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: டிஸ்னி படம் என்றால் ஒரு மாதம் பொறுத்தால் போதும். நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று போகும் செலவில் ஓடிடிக்குப் பல மாதச் சந்தா கட்டிவிடலாம். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது போட்டி நிறுவனம் அல்ல, டிஸ்னியேதான். பின்னர் வந்த ‘லைட்இயர்’, ‘ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்’, ‘விஷ்’ மூன்றும் அதன் விலையைக் கொடுத்தன.

ஓடிடியாவது லாபம் தந்ததா என்றால் அதுவும் இல்லை. 2022இல் ஒரே காலாண்டில் அந்தப் பிரிவின் நஷ்டம் 150 கோடி டாலரை நெருங்கியது. அந்தக் கணக்கு வெளியான நவம்பரிலேயே சேப்பக் நீக்கப்பட்டு, ஓய்வுபெற்றிருந்த ஐகர் திரும்ப அழைக்கப்பட்டார்.

ஓடிடிக்குத் தீனி போடும் வேலை மார்வெலின் தலையில் விழுந்தது. 2008 முதல் 2019 வரை பன்னிரண்டு ஆண்டில் 23 படங்கள் எடுத்த நிறுவனம், 2021 முதல் 2023 வரை மூன்றே ஆண்டில் 10 படங்களோடு அதே எண்ணிக்கையில் தொடர்களையும் இறக்கியது. விளைவைத் துல்லியமாகக் காட்டும் படம் ‘தி மார்வெல்ஸ்’. அதில் மூன்று நாயகிகள். கேப்டன் மார்வெலை முந்தைய படத்தில் பார்த்திருக்கலாம். மோனிகா ராம்போவுக்குச் சக்தி எப்படி வந்தது என்று தெரிய ‘வாண்டாவிஷன்’ தொடரைப் பார்த்திருக்க வேண்டும். ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த கமலா கான் யார், அவள் கைவளை எங்கிருந்து வந்தது என்று அறிய ‘மிஸ் மார்வெல்’ தொடர். டிக்கெட் எடுக்குமுன் வீட்டுப்பாடம் செய்யச் சொன்னதற்குச் சமம். நடிகர் சங்க வேலைநிறுத்தத்தால் நாயகிகள் விளம்பரத்துக்கும் வர முடியவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் படம் வெளியானது. 2019இல் ‘கேப்டன் மார்வெல்’ ஈட்டியது 113 கோடி டாலர். அடுத்த பாகம் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கவனம் சிதறி நீர்த்துப்போனது என்று ஐகரே 2023இல் ஒப்புக்கொண்டார்.

இனி செலவுப் பக்கம். கூட்டம் குறைந்தது பாதிக் கதைதான். 40 கோடி டாலர் வசூல் செய்த படத்தையும் தோல்வி ஆக்குவது பட்ஜெட். டிஸ்னியின் பல பெரிய படங்கள் பிரிட்டனில் எடுக்கப்படுகின்றன. அங்கே செலவழித்த பணத்தில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. அந்தச் சலுகைக்காக ஒவ்வொரு படத்துக்கும் தனி கம்பெனி தொடங்க வேண்டும், கம்பெனி என்றால் வரவுசெலவை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஹாலிவுட் பொத்திப் பொத்தி வைக்கும் பட்ஜெட் ரகசியம் இந்த வழியாகத்தான் கசிகிறது.

செலவு ஊதுவது எப்படி? முதலில் வெளியீட்டுத் தேதி குறிக்கப்படுகிறது, பிறகுதான் கதை முழுமையடைகிறது. படப்பிடிப்பு முடிந்தபின் காட்சிகள் பிடிக்கவில்லை என்று மறுபடியும் நடிகர்களைக் கூட்டி எடுக்கிறார்கள். உடை, பின்னணி, சில சமயம் உச்சக்காட்சியேகூட கிராபிக்ஸ்காரர் மேசையில் கடைசி வாரம்வரை மாறுகிறது. மாற்றிய ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. இந்த நெருக்கடி தாங்காமல் மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள்.

‘இண்டியானா ஜோன்ஸ்’ ஐந்தாம் பாகத்தில் இந்தக் கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். படம் வெளியானபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு வயது 80. தொடக்கத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் அவரை நாற்பது வயசுக்காரராகக் கணினியில் இளமையாக்கிக் காட்டினார்கள். நடுவில் கொரோனா கட்டுப்பாடுகள், நாயகனுக்குத் தோளில் அடிபட்டதால் தாமதம். மொத்தச் செலவு 30 கோடி டாலரை ஒட்டியது. வசூலான 38.4 கோடியில் ஸ்டூடியோவின் பங்கு, தாராளமாகப் போட்டாலும், 19 கோடி. விளம்பரத்தைத் தொடாமலே 11 கோடி துண்டு. அதே ஆண்டு யுனிவர்சலின் ‘சூப்பர் மாரியோ’ 10 கோடி டாலர் செலவில் 136 கோடி ஈட்டியது. நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ செலவும் அதே 10 கோடிதான். ஜப்பானின் ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வாங்கிக்கொண்டு போனது. போட்டியில் தோற்றவற்றில் ‘கார்டியன்ஸ்’ மூன்றாம் பாகமும் ஒன்று.

பெரிய பட்ஜெட்டைத் தாங்கிப் பிடித்த இன்னொரு தூணும் சாய்ந்தது. ‘எண்ட்கேம்’ சீனாவில் மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘பிளாக் விடோ’வில் தொடங்கிச் சில ஆண்டுகள் மார்வெல் படங்களுக்கு அங்கே அனுமதியே கிடைக்கவில்லை. கதவு திறந்தபோது சீன ரசிகர்கள் உள்ளூர்ப் படங்களுக்கு மாறியிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பெருஞ்சத்தம் போட்ட விளக்கம் வேறொன்று: டிஸ்னி முற்போக்கு அரசியலைப் படங்களில் திணித்தது, மக்கள் புறக்கணித்தார்கள் என்பது. சில நாடுகளில் சில படங்களை அது பாதித்தது உண்மை. ஒரே பாலினத்தவர் முத்தமிடும் காட்சியால் ‘லைட்இயர்’ வளைகுடா நாடுகளில் தடைபட்டது. ஆனால் எந்த அரசியல் சர்ச்சையும் ஒட்டாத ‘இண்டியானா ஜோன்’ஸும் ‘ஹான்டட் மேன்ஷ’னும் ஏன் விழுந்தன என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

டிஸ்னிக்கு இந்த நோய் புதிதல்ல, மருந்தும் தெரியாததல்ல. 1959இல் வெளியான ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பல ஆண்டு உழைப்பில், 60 லட்சம் டாலர் செலவில் உருவானது. முதல் வெளியீட்டில் போட்டதை எடுக்கவில்லை. அனிமேஷன் பிரிவில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தது. அடுத்து வந்த ‘101 டால்மேஷன்ஸ்’ படத்துக்கு, ஓவியர் வரைந்த கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேரடியாக செல்லுலாய்டு தாளுக்கு மாற்றினார்கள். கையால் மைதீட்டும் வேலை ஒழிந்தது, செலவு வெகுவாகக் குறைந்தது. பென்சில் கோடு கரடுமுரடாகத் தெரிகிறது என்று வால்ட் டிஸ்னிக்கு அந்தத் தோற்றம் பிடிக்கவில்லை. 1961இல் படம் பெருவெற்றி பெற்றது.

2024இல் டிஸ்னி எழுந்தது. ‘இன்சைட் அவுட் 2’, ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’, ‘மோனா 2’ மூன்றும் 100 கோடி டாலரைத் தாண்டின. மூன்றுமே ரசிகர்களுக்கு முன்பே பழக்கமான பெயர்கள். ‘மோனா 2’ முதலில் டிஸ்னி பிளஸ்ஸுக்கான தொடராகத் தொடங்கி, பாதியில் படமாக மாற்றப்பட்டது.

ஆனாலும் பழக்கம் போகவில்லை என்பதை 2025 காட்டியது. ஓராண்டு தள்ளிப்போய், மறுபடப்பிடிப்பு நடந்து, ஏழு குள்ளர்களையும் கணினியில் செய்து மார்ச் 21 அன்று வந்த ‘ஸ்னோ ஒயிட்’டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் செலவு, வசூல் 20.5 கோடி. நல்ல விமர்சனங்கள் பெற்ற மார்வெலின் ‘தண்டர்போல்ட்ஸ்’கூட 40 கோடியைத் தொடவில்லை. மே 23 அன்று அதே டிஸ்னியின் ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ வந்தது. அதுவும் பழைய அனிமேஷன் படத்தின் மறுஆக்கம்தான். ஓடிடிக்கு என்று திட்டமிட்டதால் செலவு 10 கோடி டாலர் அளவில் நின்றிருந்தது. உலகம் முழுவதும் 103 கோடி வசூலித்தது.

மார்வெல் அடுத்து நம்பியிருப்பது ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்தை. 2026 டிசம்பர் 18 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். இயக்குநர்கள் ‘எண்ட்கேம்’ எடுத்த ரூஸோ சகோதரர்கள். அதில் அயர்ன் மேனாக உயிர்விட்ட ராபர்ட் டவுனி ஜூனியரே இதில் வில்லனாகத் திரும்புகிறார்.