செஃப் சேமிப்பகத்தின் வழங்கி அளவீடுகள்

செஃப் சேமிப்பகத்தின் வழங்கி அளவீடுகள் என்பவை, செஃப் எனப்படும் திறந்த மூலப் பரவல் சேமிப்பக மென்பொருளின் பின்னணிச் செயலிகள் தம் இயக்கத்தைப் பற்றித் தாமே திரட்டி வைக்கும் எண்மதிப்புகள் ஆகும். எத்தனை வேண்டுகோள்கள் வந்தன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது, வன்தட்டு எவ்வளவு நிரம்பியுள்ளது போன்றவை இவற்றுள் அடங்கும். பல வழங்கிகளில் பரவிக் கிடக்கும் தரவில் ஒரு வன்தட்டு பழுதடைந்தாலும் பயனர் அதனை உடனே உணர்வதில்லை. மற்ற படிகள் விடையளித்து விடுகின்றன. எனவே பழுதை முன்னரே அறிய அளவீடுகள் இன்றியமையாதவை.

பின்னணி

செஃப், கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், சாண்டா குரூசில் சேஜ் வெய்ல் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்விலிருந்து உருவானது. இதனை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2006இல் வெளியானது. இன்க்டேங்க் நிறுவனம் இதனை வணிக அளவில் வளர்த்தது. அந்நிறுவனத்தை ரெட் ஹாட் 2014இல் வாங்கியது. தலைக்காலிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே செஃப் என்னும் பெயர்.

ஒரு செஃப் கொத்தில் மூன்று வகைச் செயலிகள் முதன்மையானவை. வன்தட்டில் தரவை எழுதிப் படிப்பது ஓஎஸ்டி ஆகும். வழக்கமாக ஒரு வன்தட்டுக்கு ஓர் ஓஎஸ்டி இயங்கும். கொத்தின் வரைபடத்தைக் காப்பது மானிட்டர். அளவீடுகளை ஒன்றுதிரட்டுவது மேலாளர் செயலி. இது 2017இல் வெளியான லூமினசு பதிப்பிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது.

அளவீடுகளின் வகைகள்

செயலிகள் தம் நினைவகத்தில் வைத்துள்ள அளவீடுகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* நிலை அளவு: அந்த நொடியின் மதிப்பைக் காட்டும், கூடவும் குறையவும் செய்யும். வன்தட்டின் நிரம்பிய அளவு இதற்கு எடுத்துக்காட்டு.
* எண்ணி: கூடிக்கொண்டே செல்லும். மொத்த எழுதுதல்களின் எண்ணிக்கை இவ்வகை.
* சராசரி இணை: நிகழ்வுகளின் எண்ணிக்கை, அவை எடுத்த நேரத்தின் கூட்டுத்தொகை ஆகிய இரண்டையும் சேர்த்து வைப்பது.
* நிகழ்வுச் செவ்வகம்: மதிப்புகள் எந்தெந்த இடைவெளிகளில் விழுந்தன என்பதைக் காட்டுவது.

சராசரி இணையை நேரடியாக வகுத்தால், செயலி தொடங்கிய நாளிலிருந்தான சராசரியே கிடைக்கும். எடுத்துக்காட்டாக, முதல் அளவீட்டில் எண்ணிக்கை 1000, கூட்டுத்தொகை 8 நொடி எனக் கொள்வோம். ஒரு நிமிடம் கழித்து எண்ணிக்கை 1100, கூட்டுத்தொகை 18 நொடி. மொத்தச் சராசரி ஏறத்தாழ 16 மில்லிநொடி; இது கவலைக்குரியதாகத் தோன்றாது. ஆனால் இரண்டின் வேறுபாட்டை எடுத்தால், கடைசி 100 வேண்டுகோள்கள் 10 நொடி எடுத்துள்ளன. அதாவது ஒவ்வொன்றும் சராசரியாக 100 மில்லிநொடி. முதல் அளவீட்டில் இருந்த தாமதம் 8 மில்லிநொடி மட்டுமே. பழைய நல்ல நாட்கள் இன்றைய பழுதை மறைத்துவிடும் என்பதால், அளவீடுகளைக் குறித்த இடைவெளியில் தொடர்ந்து பதிவு செய்தல் வேண்டும். செயலி மீண்டும் தொடங்கப்பட்டால் எண்ணிகள் சுழியத்துக்குத் திரும்பும்; ஆகவே மதிப்பு குறைந்தால் அதனை மறுதொடக்கம் எனக் கொள்ள வேண்டும்.

பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு செயலியும் தான் இயங்கும் கணினியில் ஒரு நிருவாக வாயிலைத் திறந்து வைக்கிறது. அதன் வழியே "பெர்ஃப் டம்ப்" என்னும் கட்டளையை அனுப்பினால் அளவீடுகள் ஜேசன் வடிவில் கிடைக்கும். கொத்தின் மற்ற பகுதிகளுடன் தொடர்பு அறுந்த நிலையிலும் இது விடையளிக்கும்.

நீண்டகாலப் பதிவுக்குப் புரொமீதியஸ் போன்ற திறந்த மூல மென்பொருள் பயன்படுகிறது. மேலாளர் செயலியின் ஒரு கூறு, 9283 என்னும் துறையில் அளவீடுகளை உரை வடிவில் வெளியிடுகிறது. புரொமீதியஸ் குறித்த இடைவெளியில் வந்து அவற்றை எடுத்துச் செல்கிறது. ஓஎஸ்டிகள் மிகுந்த கொத்துகளில் இவ்வேலை மேலாளருக்குச் சுமையானது. எனவே 2023இல் வெளியான ரீஃப் பதிப்பில், செயலிகளின் அளவீடுகளை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே வெளியிடும் சிறு செயலி சேர்க்கப்பட்டது.

எச்சரிக்கை எல்லைகள்

பின்வருவன இயல்பிருப்பு மதிப்புகள். நிருவாகி இவற்றை மாற்றலாம்.

* ஓர் ஓஎஸ்டி 85 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை எழும். 90 விழுக்காட்டில், மீள்நிரப்பும் தரவை அது ஏற்காது. 95 விழுக்காட்டில் எழுதுதல் நிறுத்தப்படும்.
* அண்டை ஓஎஸ்டி 20 நொடிகள் இதயத்துடிப்புக்கு விடையளிக்காவிடில் மானிட்டருக்கு முறையிடப்படும்.
* செயலிழந்த ஓஎஸ்டி 600 நொடிகளில் திரும்பாவிடில், அதன் தரவின் படிகள் வேறிடத்தில் உருவாக்கப்படும்.
* ஒரு வேண்டுகோள் 30 நொடிகளுக்கு மேல் முடியாதிருந்தால் மெதுவான செயல் எனக் குறிக்கப்படும்.

முதல் எல்லையில் சராசரியை நம்புதல் தவறாகும். கொத்து முழுவதும் 70 விழுக்காடே நிரம்பியிருந்தாலும், ஒரே ஓர் ஓஎஸ்டி 95 விழுக்காட்டைத் தொட்டால் எழுதுதல் தடைப்படும். ஆகவே சராசரியுடன், மிகவும் நிரம்பிய ஓஎஸ்டியின் அளவையும் பதிவு செய்வது தேவை.

பதிவேடும் அளவீடும்

அளவீடுகள் எண்களாகும், பதிவேடு நிகழ்வுகளை வரிகளாக எழுதி வைப்பது. செஃப்பில் பதிவேட்டின் விரிவு ஒவ்வொரு உட்பகுதிக்கும் 1/5 என்பது போல இரு எண்களால் குறிக்கப்படும். முதல் எண் கோப்பில் எழுதப்படும் விரிவையும், இரண்டாவது நினைவகத்தில் மட்டும் வைக்கப்படும் விரிவையும் காட்டுகின்றன. செயலி முறிந்தால் நினைவகப் பதிவுகளும் கோப்பில் கொட்டப்படும். எனவே கூடுதல் விவரம் தேவைப்படும் வேளையில் மட்டும் வன்தட்டை அடைகிறது.

மிக விரிவான பதிவு ஒரு மணிநேரத்தில் 1 ஜிகாபைட்டைக் கடக்கக்கூடும். இயங்குதளம் உள்ள வன்தட்டு அதனால் நிரம்பிவிட்டால் அந்த வழங்கியே நின்றுவிடும். பழுதைத் தேடுவதற்காக விரிவைக் கூட்டுவோர், தேடல் முடிந்ததும் அதனைப் பழைய நிலைக்குக் குறைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* திறந்த மூல மென்பொருள்
* பரவல் கணிமை
* வன்தட்டு