காளான்: உணவு எது, மருந்து எது, நஞ்சு எது?

ஐப்பசி அடைமழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தால் போதும். காரைக்கால் பகுதியில் வாய்க்கால் கரை, வைக்கோல் போரின் அடி, கறையான் புற்றின் ஓரம் என்று பல இடங்களிலும் காளான் தலைகாட்டும். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது கிராமத்து நம்பிக்கை. களை எடுக்கவும் புல் அறுக்கவும் செல்லும் பெண்களே பெரும்பாலும் அதை முதலில் காண்கிறார்கள். எது கறிக்கு ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்பவரும் வீட்டின் மூத்த பெண்மணிதான். உடம்பு தேறக் காளான் சாறு நல்லது என்று வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

இந்தக் கைப்பழக்கம் மதிக்கத்தக்கது. ஆனால், அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தெரியாமற் போனால் குடும்பமே ஆபத்துக்கு உள்ளாகும்.

புற்றுக் காளான்

காளான் செடி அன்று. பூசண இனத்தைச் சேர்ந்தது. பச்சையம் இல்லாததால் மட்கும் பொருள்களிலிருந்து உணவு எடுத்து வளர்கிறது. நாம் பறிப்பது அதன் கனி போன்ற பாகம் மட்டுமே. உடல் முழுவதும் வெண்ணிற இழைகளாக மண்ணிலோ வைக்கோலிலோ பரவிக் கிடக்கும்.

புற்றுக் காளான், கறையான் தன் புற்றினுள் பயிரிட்டு வளர்க்கும் பூசணத்திலிருந்து வருவது. சுவையானது; ஆனால், வீட்டில் வளர்க்க வராது. ஆகவே, அது கிடைப்பது மழையின் தயவைப் பொறுத்ததே.

பழைய சோதனைகளை நம்பலாமா?

காளானுடன் வெள்ளிக் காசைப் போட்டு வேக வைத்தால் கறுக்க வேண்டும், பூண்டு நிறம் மாற வேண்டும், பூச்சி கடித்த காளான் நல்லது, நஞ்சுக் காளான் எல்லாம் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் என்றெல்லாம் சொல்வது உண்டு. இவற்றில் ஒன்றும் நம்பத் தகுந்ததல்ல. கொடிய நஞ்சுக் காளான்களில் சில பார்வைக்கு வெண்மையாகவும் சாதுவாகவும் இருக்கும். நத்தையும் புழுவும் தின்ற காளான் மனிதனைக் கொல்லலாம். சில நஞ்சுகள் கொதிக்க வைத்தாலும், உலர்த்தினாலும், ஊறுகாய் போட்டாலும் அழிவதில்லை.

காளான் அறிவு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறந்த ஊரில் சரியாக அடையாளம் கண்டவர், புகுந்த ஊரில் அதே சாயலுள்ள வேறொன்றைப் பறிக்கக் கூடும். 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், காட்டில் விளைந்த நஞ்சுக் காளானை உண்ட இருவர் இறந்தனர். ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், நம் வைக்கோல் காளானின் மொட்டைப் போலவே தோன்றும் அந்தக் காளானை வேறு நாடுகளிலும் உண்டு ஏமாந்திருக்கிறார்கள்.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. அந்தப் பிரான்சு நாட்டில் மருந்துக் கடைக்காரர்களுக்குக் காளான் இனம் காணும் பாடமும் உண்டு. காட்டில் பறித்ததை அவர்களிடம் காட்டிவிட்டுச் சமைக்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக இருந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் காளான் உண்பவர்களே சரிபார்க்கிறார்கள் என்றால் மற்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நஞ்சின் அறிகுறி

சில காளான்கள் உண்ட ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப் போக்கும் உண்டாக்கும். இன்னும் கொடியவை 6 மணி முதல் 24 மணி நேரம் வரை சும்மா இருந்து பிறகு வேலையைக் காட்டும். முதலில் கடும் வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் தேறியது போல் இருக்கும். வீட்டார் நிம்மதி அடையும் அந்த நாளில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அடுத்து மஞ்சள் கண்டு உயிருக்கே மோசமாகும்.

எனவே, காளான் உண்டபின் வாந்தி வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மீதியுள்ள காளானை ஒரு காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே கறியை உண்ட மற்றவர்களையும், நலமாக இருந்தாலும், அழைத்துச் செல்ல வேண்டும்.

மருந்தாகுமா?

பூசண இனத்திலிருந்து மருந்து வந்தது உண்மைதான். 1928ல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின் ஒரு பூசணத்திலிருந்து கிடைத்ததே. ஜப்பானில் சில காளான்களிலிருந்து பிரித்தெடுத்த சத்துகளைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக மருத்துவர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆனால், அவை அளவறிந்து பிரித்துச் சோதித்த மருந்துகள். காளான் கறி அந்த மருந்து ஆகாது.

கறிக்குரிய காளான் நல்ல உணவு. பச்சைக் காளானில் 100க்கு 90 பங்கு தண்ணீர். 100 கிராமில் சுமார் 2 முதல் 4 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்தும் கொழுப்பும் குறைவு; நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் உண்டு. பறித்த காளானை நறுக்கிச் சிறிது நேரம் வெயில் படும்படி வைத்தால் அதில் வைட்டமின் டி பெருகும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்ற கறி என்று சொல்லலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சோகை பிடித்த கர்ப்பிணிகள் காளானை நம்பி இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடுவதும் தவறு.

கொல்லையில் தேடாமல் கொட்டகையில் வளர்ப்போம்

இனம் தெரிந்த வித்தைக் கொண்டு வீட்டிலேயே வளர்த்தால் நஞ்சு என்ற அச்சம் இல்லை. தமிழ்நாட்டில் இது புதிதும் அல்ல. வைக்கோல் காளானை வளர்க்கும் முறையைக் கோவையில் கே. எம். தாமசும் அவருடன் பணியாற்றியவர்களும் 1943லேயே கண்டறிந்தனர். வெப்பம் தாங்கும் பால்காளானில் ஏபிகே 2 என்ற இரகம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998ல் வெளிவந்தது. காரைக்காலின் மழை, பனிக் காலங்களுக்குச் சிப்பிக் காளானும், கோடைக்குப் பால்காளானும் ஏற்றவை.

சிப்பிக் காளான் முறை எளிது. மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோலே வேண்டும். அறுவடையை ஒட்டிப் பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோல் ஆகாது. அதை 5 செ.மீ. அளவில் வெட்டி, 5 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு ஒரு மணி நேரம் வேக வைக்க வேண்டும். உலர்த்தியபின் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால், ஈரம் தெரிய வேண்டும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன் மேல் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பி வாயைக் கட்டி, நடுவில் இரண்டு சிறு துளைகள் இட வேண்டும். இருட்டான, குளிர்ந்த அறையில் 15 முதல் 20 நாட்களில் வெண்ணிற இழை படர்ந்துவிடும். பிறகு பையைக் கிழித்து, வெளிச்சமும் காற்றும் உள்ள கொட்டகையில் தொங்கவிட்டுத் தினம் இருமுறை தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்திற்குள் முதல் பறிப்பு கிடைக்கும். மேலும் இரண்டு பறிப்புகள் எடுக்கலாம்.

படுக்கையில் பச்சைப் பூசணம் கண்டால் வைக்கோல் சரியாக வேகவில்லை என்று பொருள். அந்தப் பையை உடனே தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது

சிப்பிக் காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூள் காற்றில் பறக்கும். அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். ஓரம் சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும். கொட்டகைக்குள் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்க்கலாம்.

தொடக்கத்தில் பத்துப் பைகள் போதும். வித்து, பை, விறகு ஆகியவற்றின் செலவையும் விற்ற பணத்தையும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். பறித்த காளான் சீக்கிரம் வாடும். ஆதலால் வாங்குபவரைப் பேசி வைத்துக்கொண்டே பை கட்ட வேண்டும். நோட்டும் பணமும் உழைத்த பெண்ணின் கையிலேயே இருப்பதுதான் முறை. பயிர் முடிந்த வைக்கோலை மட்க வைத்தால் தோட்டத்திற்கு நல்ல எரு.

பயிற்சி பற்றியும் நல்ல வித்து எங்கே கிடைக்கும் என்பது பற்றியும் காரைக்கால் மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். 1987 முதல் காரைக்காலில் இயங்கிவரும் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம்.

வாய்க்கால் கரையில் முளைத்த காளானைப் பற்றிச் சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் அதைச் சட்டியில் போடக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று ஒதுக்குவதே வீட்டாரின் உயிருக்குக் காவல்.