ஹலோ... எங்கே எரியுது?

தண்ணி வண்டிக்கு முன்னால் தீயை நோக்கி ஓடுவது ஒரு குரல்! அந்தக் குரலுக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் பாதித் தீயை அணைக்கிறது.

நடுராத்திரியில் ஃபோன் மணி அடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? 'யாருக்கு என்ன ஆச்சோ' என்று அடிவயிறு கலங்கும், இல்லையா? அந்தக் கலக்கத்தையே வேலையாக வைத்திருப்பவர்களைப் பற்றி என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

தீயணைப்பு நிலையத்தில் 'வாட்ச் ரூம்' என்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேஜை, ஃபோன், வயர்லெஸ், ஒரு நோட்டு, பக்கத்தில் அபாய மணி. அங்கே உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு குழாயைத் தொடப் போவதில்லை. தீயைப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால், வண்டி எந்த ஊருக்கு, எந்த வழியாகப் போக வேண்டும் என்பது அவர் காதில் விழும் நாலு வார்த்தையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் காட்டுத் தீக்கென்றே தனியாக இப்படி ஃபோன் எடுத்து ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் 1965ல் ஆரம்பித்த ஒரு மையம், இன்று அந்த நாட்டின் காட்டுத் தீ வேலைகளுக்கெல்லாம் தலைமைக் கேந்திரம். எந்தக் குழு எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருக்கு என்ன தேவை என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதே அங்கே முழுநேர வேலை. நம் ஊரில் அந்த வேலையை வாட்ச் ரூம்காரரும், வனத்துறை வயர்லெஸ்காரரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

புதுக்கோட்டையில் ஏது காடு?

'கொடைக்கானல், தேனி என்றால் சரி... புதுக்கோட்டையில் ஏது சார் காட்டுத் தீ?' என்று கேட்கிறீர்களா? 1974ல் தனி மாவட்டமான இந்த வறண்ட பூமியில் உயர்ந்த மலை இல்லைதான். ஆனால் அதே 1974ல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் வளர்த்த தைல மரங்கள் இருக்கின்றனவே! உள்ளூரில் 'ஆர்.எஸ்.பதி மரம்' என்றால்தான் சட்டென்று புரியும். ஜலதோஷத்துக்குத் தேய்க்கிறோமே, அதே தைலம்தான் அதன் இலை முழுக்க. உதிர்ந்த இலை சீக்கிரம் மக்காது. கோடையில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும்! உரிந்து தொங்கும் பட்டை எரிந்துகொண்டே காற்றில் பறந்து, தள்ளி இருக்கும் முந்திரித் தோப்பிலோ, கூரை வீட்டிலோ விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

'மேலே சேட்டிலைட் இருக்கே, அது பார்க்காதா?' பார்க்கும். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004லிருந்து செயற்கைக்கோள் மூலம் காட்டுத் தீயைக் கண்டுபிடித்து வனத்துறைக்குத் தகவல் அனுப்பி வருகிறது. ஆனால் அதன் புதிய கருவியிலும் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர். அதைச் சுமக்கும் 'சுவோமி' என்ற கோள் நம் தலைக்கு மேல் வருவது மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவை, நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவை. சாயங்காலம் மூன்று மணிக்குப் பற்றிய தீயை முதலில் பார்க்கப்போவது அந்தக் கோள் அல்ல. ஆடு மேய்க்கிற பெரியவரும், பஸ்ஸில் போகிற நீங்களும்தான்!

எந்தப் புதுப்பட்டி?

இப்போது அந்த ஃபோன் பேச்சு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

"சார், சீக்கிரம் வாங்க சார்... எரியுது சார்!"

"எங்கேம்மா எரியுது?"

"புதுப்பட்டி சார்!"

"எந்தப் புதுப்பட்டிம்மா? கே.புதுப்பட்டியா, பொன்.புதுப்பட்டியா?"

அதற்குள் லைன் கட்! முன்னது அரிமளம் பக்கம், பின்னது பொன்னமராவதி பக்கம். வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. எந்தத் திசையில் விடுவது? அந்த ஒரு நிமிஷம் ஃபோனை எடுத்தவர் படுகிற பாடு இருக்கிறதே, அது வெளியே யாருக்கும் தெரியாது.

லண்டனில் 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். எதிர்வீட்டுக்காரர் ஃபோன் செய்தும், மற்ற அழைப்புகளோடு சேர்ந்து அவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆதங்கத்தின் விளைவாகத்தான் 1937 ஜூன் 30ல் '999' என்ற அவசர எண் பிறந்தது. நமக்கு தீ என்றால் 101. எல்லா ஆபத்துக்கும் பொதுவாக 112. ஆம்புலன்ஸுக்கு 108. எண் கிடைத்துவிட்டது. இனி நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்:

1. முதலில் இடம். ஊர், ஊராட்சி, பக்கத்துப் பெரிய ஊர், கோயில், கண்மாய், மைல் கல் என்று ஏதாவது ஓர் அடையாளம். லைன் கட்டானாலும் இடம் போய்ச் சேர்ந்துவிடும்.

2. எரிவது என்ன? சருகா, மரமா, வைக்கோல் போரா, கூரையா?

3. காற்று எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் வீடு, பள்ளிக்கூடம், மின்கம்பி உண்டா?

4. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்களா?

5. வண்டி நுழையப் பாதை உண்டா? தண்ணீர் கிடக்கிற கண்மாயோ, மோட்டார் கிணறோ எங்கே? வண்டியில் வருகிற தண்ணீர் வெகுநேரம் தாங்காது.

அவர் 'வைக்கலாம்' என்று சொல்லும்வரை ஃபோனை வைக்காதீர்கள். ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். விளையாட்டுக்கு 101ஐ அழுத்தும் வாண்டுகள் வீட்டில் இருந்தால், அந்த நேரத்தில் நிஜமாகவே ஒருவர் லைன் கிடைக்காமல் தவிக்கலாம் என்பதைப் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

வண்டி வரும்வரை...

2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் உயிரிழந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஏறும். சமவெளியில் அந்த வேகத்தைக் காற்று கொடுக்கும். அதனால் காற்று போகும் திசையிலேயே தீக்கு முன்னால் ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, உழுத வயல், வறண்ட கண்மாய் மாதிரி எரிவதற்கு எதுவும் இல்லாத இடத்துக்குப் போங்கள்.

உடம்பில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிடுங்கள். இங்க், தோசை மாவு, பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டவே வேண்டாம்! வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

புகையை அலட்சியம் செய்யாதீர்கள். ஈரத்துணி கட்டினாலும் நுண்ணிய புகைத் துகளும் விஷ வாயுவும் உள்ளே போகத்தான் செய்யும். ஆஸ்துமாக்காரர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களை முதலில் தூரமாக அனுப்புங்கள். புகையில் சிக்கியவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கில் கரி தெரிந்தாலோ, தலைவலி, குமட்டல் வந்தாலோ, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர் சொன்னாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அவருக்கு யார் ஆறுதல்?

இனி அந்த அறைக்கே வருவோம். ஆபத்து என்றதும் நம் உடம்பு ஓடத் தயாராகிறது. இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. களத்தில் இருப்பவர் ஓடி, உழைத்து, வியர்த்து அதை இறக்கிவிடுகிறார். நாற்காலியில் இருப்பவர்? அத்தனை படபடப்பையும் அடக்கிக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த ஃபோன். முந்தைய ஃபோனில் அழுத குழந்தை என்ன ஆயிற்று என்று பல நேரம் அவருக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் 24 மாநிலங்களைச் சேர்ந்த 171 அவசர ஃபோன் ஊழியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012ல் வெளிவந்தது. சம்பவ இடத்துக்குப் போகாமல் காதால் கேட்பதே மனதைக் காயப்படுத்தப் போதுமானது என்று அது காட்டியது. இதோடு ராத்திரி டியூட்டி வேறு. தூக்கம் கெடும், சாப்பாட்டு நேரம் கெடும், எடை ஏறும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? தீயணைப்பு, 108, போலீஸ் கன்ட்ரோல் ரூம் எதுவானாலும் சரி. 'சும்மா ஃபோன் எடுக்கிற வேலைதானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டி.வி.யைக் குறைத்துத் தூங்க விடுங்கள். அவர் பேச வந்தால் காது கொடுங்கள், புத்திமதி வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சிடுசிடுப்பு, கேட்ட குரலே திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது என்றால் மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

1944 ஏப்ரல் 14ல் பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களை நினைத்து, ஆண்டுதோறும் அதே நாளைத் தீயணைப்போர் தினமாக அனுசரிக்கிறோம். பெரும்பாலும் நம் சித்திரை ஒன்றாம் தேதியும் அதுதான். அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு தாளில் உங்கள் ஊர், ஊராட்சி, தெரு, பக்கத்து அடையாளம், 101, 112, 108 என்று கொட்டை எழுத்தில் எழுதி, குழந்தைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்து போகலாம். அந்தத் தாளைப் பார்த்துப் படித்தால் போதும். வண்டி சரியான புதுப்பட்டிக்கு வந்து சேரும்!