துண்டுக்கு அடியில் ஒரு விலை

விலை பேசும் ஊர்கள் – 11

இஸ்தான்புல் பெரிய சந்தையின் வாசலில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். விலை கேட்பவர் வாங்கியாக வேண்டியதில்லை, தன் வாயால் ஒரு விலை சொன்னவர் வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி நினைவிருக்கும். இந்த வாரம் கம்பளக் கடைக்குள் நுழைவதாகத் திட்டம். ஆனால் நாலைந்து நாளாக ஒரு பழைய பயணக் குறிப்பு என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

லுதோவிக்கோ தி வர்த்தேமா என்று ஒரு இத்தாலியர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு நாடுகள், பாரசீகம் எல்லாம் சுற்றிவிட்டு நம் மேற்குக் கரைக்கு வந்தவர். அவருடைய பயண நூல் 1510இல் ரோமில் அச்சாகி, ஐரோப்பா முழுக்கக் கைமாறியது. கோழிக்கோட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அரசர், கோயில், மிளகு, கப்பல் கட்டும் முறை எல்லாம் வருகிறது. அவற்றுக்கு நடுவே, வியாபாரிகள் எப்படி விலை பேசினார்கள் என்று ஒரு சின்னப் பகுதி. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விற்பவரும் வாங்குபவரும் நேரடியாகப் பேசுவதில்லை. தரகர் வேண்டும். எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். தரகர் ஒரு கையில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு துணியைப் பிடிக்கிறார். மறு கையால் விற்பவரின் வலக்கையில் கட்டைவிரலை அடுத்த இரண்டு விரல்களைப் பற்றுகிறார். துணி இரண்டு கைகளையும் மூடுகிறது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஒரு டுகாட்டிலிருந்து ஒரு லட்சம் டுகாட் வரை சொல்லிவிடுகிறார்கள். வேண்டும், வேண்டாம் என்ற பதிலும் விரல்வழிதான். விற்பவரின் மனசு தெரிந்ததும் தரகர் அதே துணியோடு வாங்குபவரிடம் போகிறார், அவர் கையைப் பற்றுகிறார், இவ்வளவு கேட்கிறார் என்று விரலால் சொல்கிறார். அவர் தரகரின் விரலைத் தொட்டு, இவ்வளவு தருகிறேன் என்கிறார். இப்படியே விலை படிந்துவிடுகிறது.

சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், வியாபாரம் நடப்பது எல்லோருக்கும் தெரிகிறது. என்ன விலை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது! இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

நம்மில் பலருக்கு இது பார்த்த காட்சிதான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எங்கோ பார்த்தபடி நிற்பார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் நிற்கும் மாடே சொல்லிவிடும். வாய்விட்டுப் பேசினால்தான் என்ன என்று அங்கே ஒரு வயசான தரகரிடம் கேட்டேன். "சத்தமாச் சொன்னா, பக்கத்துல நிக்கிறவரும் அதே விலைக்குக் கேப்பாருங்களே. அப்புறம் ஏவாரம் படியலைன்னா ரெண்டு பேத்துக்கும் கூச்சமாப் போயிருமுங்க" என்றார்.

அந்த இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். முதல் காரணம் லாபக் கணக்கு, எல்லோருக்கும் புரியும். இரண்டாவது மரியாதை. விலை படியாமல் பிரிந்தால் யார் இறங்கினார், யார் பிடிவாதம் பிடித்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம். இருவரும் மறுவாரம் அதே சந்தைக்கு வர வேண்டியவர்கள்.

கோழிக்கோடு, பொள்ளாச்சியோடு இது நின்றுவிடவில்லை. பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்து வியாபாரிகள் சிவப்புத் துணியில் முத்துகளைப் பரப்பி வைத்து, இன்னொரு துணிக்கு அடியில் கைகோத்து விலை பேசினார்கள். சீனாவில் பச்சைக்கல் விற்கிறவர்களும் மாட்டு வியாபாரிகளும் நீண்ட சட்டைக் கைக்குள்ளேயே விரல் பேச்சை முடித்துக்கொண்டார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. விலை என்பது இருவருக்கு நடுவிலான அந்தரங்கம் என்று இத்தனை ஊர்க்காரர்களும் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

வெளிநாட்டுக்குப் போகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது? எல்லாமே இருக்கிறது. பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று நான் கண்டவர்களில் பெரும்பாலோர் குறைத்துக் கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. சத்தமாகக் கேட்டவர்கள்.

பெரிய சந்தையில் ஒரு செம்புப் பாத்திரக் கடை. காபி காய்ச்சும் நீள்பிடிக் கிண்ணம் ஒன்றை ஒரு பயணி கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த கடையில் பாதி விலைக்குத் தருகிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கடைக்குள் வேறு நான்கு பேர் இருந்தார்கள். கடைக்காரர் சிரித்த முகம் மாறாமல், "அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா" என்று கிண்ணத்தை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டார். வேறு என்ன செய்வார்? அந்தச் சத்தத்துக்கு இறங்கினால் மீதி நான்கு பேருக்கும் இறங்க வேண்டும். அவர்கள் போகும்வரை நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடை காலியானதும் அதே கிண்ணத்தைக் காட்டி மெல்லக் கேட்டேன். மேசை மேல் இருந்த கால்குலேட்டரை எடுத்தார், ஒரு எண்ணைத் தட்டினார், என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அழித்துவிட்டு என் எண்ணைத் தட்டித் திருப்பினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார், நடுவாக ஒன்றைத் தட்டினார். முடிந்தது.

பாங்காக், கெய்ரோ, ஹனோய் என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் இந்தக் கால்குலேட்டர் இருக்கும். மொழி தெரியாததால் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம். வர்த்தேமா பார்த்த துணி செய்த வேலையை இன்று அந்தச் சின்னக் கண்ணாடிதான் செய்கிறது. அதை மதியுங்கள். அது உங்கள் முன் வந்தபிறகு எண்ணை வாயால் சொல்லாதீர்கள். வாங்கிய விலையைக் கடை வாசலில் நின்று உடன் வந்தவர்களுக்கு அறிவிக்காதீர்கள். ஓட்டலுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

இஸ்தான்புல் பெரிய சந்தையைப் பற்றி இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். கான்ஸ்டாண்டினோபிளை 1453இல் பிடித்த இரண்டாம் மெஹ்மெத், சில ஆண்டுகளிலேயே இதைத் தொடங்கிவைத்தார். இன்று கூரை வேய்ந்த 60க்கு மேற்பட்ட தெருக்கள், ஏறத்தாழ 4,000 கடைகள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

காலையில் போவதானால் கொஞ்சம் யோசித்துப் போங்கள். நம் ஊரில் போணி எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அங்கேயும். சிஃப்தாஹ் என்பார்கள். முதல் வியாபாரத்தில் வந்த காசைத் தாடையில் தடவிக்கொள்பவர்கள், தரையில் போட்டு எடுப்பவர்கள் உண்டு. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதால் நன்றாகவே இறங்கி வருவார்கள். ஆகவே வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட பொருளுக்குக் காலையில் போங்கள். நான்கு கடை ஏறி விலை விசாரிக்கும் வேலையை முதல் நாள் பிற்பகலில் முடித்துவிடுங்கள். கடை திறந்த கையோடு நுழைந்து, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, ஒன்றும் வாங்காமல் வருவது போல அவர் மனசைப் புண்படுத்துவது வேறில்லை. அயனாவரமானாலும் இஸ்தான்புல்லானாலும் இது ஒன்றுதான்.

பேச்சைத் தொடங்கும் முன்பே எந்த நாணயம் என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். துருக்கியில் 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. தோல், கம்பளம் போன்ற பெரிய சாமான்களுக்குப் பலர் டாலரிலோ யூரோவிலோதான் விலை சொல்கிறார்கள். லிரா என்று நினைத்து ஒருவரும் யூரோ என்று நினைத்து மற்றவரும் கால் மணி நேரம் பேசிவிட்டால், பிறகு இருவருக்குமே முகம் கொடுத்துப் பேச முடியாது. பணமா, கார்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். பணமாகக் கொடுத்தால் சிலர் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள்.

சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கு என்று பயண நூல்கள் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. சரியான விலையைச் சொல்லும் கடைக்காரரிடம் பாதி கேட்பது அவரைத் திருடர் என்பதற்குச் சமம். மூன்று மடங்கு ஏற்றிச் சொன்னவரிடமோ பாதியும் அதிகம். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை விசாரித்துத்தான் அறிய முடியும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவில் ஃபெஸ் நகருக்குத் தெற்கே செஃப்ரு என்ற ஊரின் சந்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். சந்தையில் எல்லோருக்கும் தட்டுப்பாடாக இருப்பது தகவல் என்றார் அவர். எது நல்ல சரக்கு, எது என்ன விலை போகும் என்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால்தான் அங்குள்ளவர்கள் கடைகடையாக அலைவதை விட, வாடிக்கையாக ஒருவரிடமே போய், அவரிடம் ஆழமாகப் பேசுகிறார்கள். பணத்தை மட்டும் பேசுவதும் இல்லை. பணம் அப்படியே இருக்க, அளவும் தரமும் பேச்சில் ஏறி இறங்கும்.

நமக்குக் கொசுறு தெரியும். ஆனால் விமானம் ஏறியதும் மறந்துவிடுகிறோம். கடைக்காரர் ஓர் எண்ணில் நின்றுவிட்டால் அந்த எண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இந்த விலைக்கே இரண்டு சின்னக் கோப்பைகளும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். விலையில் அவர் சொல் நிற்கிறது, உங்கள் கையிலும் ஏதோ கூடியிருக்கிறது. நான் பார்த்தவரை, விலையைக் குறைப்பதை விடப் பொருளைக் கூட்டிக் கொடுப்பதில் வியாபாரிகளுக்கு மனத்தடை குறைவு.

தேநீர் கொடுத்தால் குடியுங்கள். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில், பால் இல்லாமல், சர்க்கரைக் கட்டியோடு வரும். அதைக் குடித்ததால் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. விருந்தோம்பலும் வியாபாரமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மற்றதாகக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம்.

வாங்காமல் எழுந்து வருவதற்கும் அங்கே ஒரு நல்ல முறை இருக்கிறது. கடைக்குள் நுழையும்போது "கொலாய் கெல்சின்" என்பது, வேலை சுலபமாக நடக்கட்டும் என்ற வாழ்த்து. வெளியே வரும்போது "ஹயர்லெ இஷ்லெர்", நல்ல வியாபாரம் நடக்கட்டும் என்பது. வெறுங்கையோடு வரும்போது இதைத் தவறாமல் சொல்லுங்கள். பின்னாலேயே அழைத்து விலையைக் குறைப்பார் என்பதற்காகச் சொல்ல வேண்டாம். அரை மணி நேரத்தை நமக்குக் கொடுத்தவரிடம் அப்படித்தான் விடைபெற வேண்டும்.

கம்பளம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. 1673இல் ஜப்பானின் எடோ நகரில் துணிக்கடை போட்டு, பேரமே கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலை என்று எழுதி வைத்த மிட்சுய் தகதோஷியின் கதையும் வரிசையில் நிற்கிறது. இடம் இருந்தால் அதையும் சேர்க்கிறேன். அதற்குள் உங்கள் வீட்டில் ஏதாவது கம்பளம் இருந்தால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்துப் பூவும் கொடியும் அங்கேயும் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறதா, இல்லை பசையில் ஒட்டிய துணி இருக்கிறதா? கம்பளக் கடையில் நாம் வாயைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அங்கிருந்து தொடங்குவோம்.

(பேசுவோம்)